வாய் உன்னிடம், டிரம்பெட் என்னிடம்

மோட்டுலாஹி
பிப்ரவரி 20

அன்புள்ள லிசியாதே,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நான், நம் மகள் லூபே, என் அப்பா, கீழ்முனை வீட்டில் உன் அம்மா. எரிமலை வெடித்து ஐந்து வாரம் ஆகிறது. கடலடியில் போன கம்பி அறுந்துவிட்டதால் தீவில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. நிவாரணப் படகு இன்று திரும்புகிறது, அதில் இதைக் கொடுத்து விடுகிறேன். உன் கைக்கு எப்போது வருமோ தெரியாது.

அலை மூன்று முறை வந்தது. தேவாலயத்துக்கு முன்னால் மரத்தில் தொங்கிய காலி காஸ் சிலிண்டர்தானே நமக்கு அபாய மணி? அது மரத்தோடு போய்விட்டது. பாண்டு வாத்தியங்கள் இருந்த அறையே இல்லை, வெறும் மணல். அப்பாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்ததால் நம் டிரம்பெட் மட்டும் தப்பியது. சாம்பலைத் துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, ஆசையாகப் பெட்டியைத் துழாவினால் வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் இல்லை.

திராட்சை பறிக்க வெளிநாடு போகிற மனுஷனுக்கு மவுத்பீஸ் எதற்கு? வாய் உன்னிடம், டிரம்பெட் என்னிடம். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பு அதோடு சரி. ஊர் அதிகாரி கேபு நேற்று வந்தார். "சிலிண்டர் போச்சு, போனும் போச்சு. தண்ணி மறுபடி ஏறுனா ஊருக்கு யாரு சொல்றது? உன் டிரம்பெட்தான் ஃபூசி, வேற கதி இல்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனைக்கும் அதுதான், கல்யாணம் வந்தால் ஆட்டத்துக்கும் அதுதான்.

எனக்குக் கிடைத்த மவுத்பீஸ் இரண்டு, இரண்டுக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன். ஒன்று, ஓட்டல் பாண்டில் வாசித்த உன் சித்தப்பா மகன் விட்டுப்போன ஊசி. உதடு பதிகிற கிண்ணம் ஆழமே இல்லாமல், தட்டு மாதிரி. சத்தம் காதைத் துளைக்கிறது. இன்னொன்று போதகர் வீட்டுக் குடம். அதன் கிண்ணத்தில் என் பெருவிரல் பாதி இறங்குகிறது. கீர்த்தனைக்கு அருமை, ஆனால் பக்கத்து வேலியைத் தாண்டாது. அபாயம், கீர்த்தனை, ஆட்டம் மூன்றுக்கும் ஒன்றாக எதை வைத்துக்கொள்ள? நீதானே மவுத்பீஸ் பைத்தியம், நீயே சொல்.

கடல் சத்தம் போட்டாலும் பயமாக இருக்கிறது. போடாவிட்டால் இன்னும் பயமாக இருக்கிறது.

ஃபூசி

*

மில்துரா
மார்ச் 14

என் ஃபூசி,

உன் எழுத்தைப் பார்த்ததும் கொடிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு பறிக்கிற ஃபிலிமோனே ஓடிவந்து, "யாருப்பா செத்தது?" என்றான். "யாரும் சாகலடா" என்று சொல்லும்போதுதான் அழுகை வந்தது. எட்டு வாரம், ஃபூசி. எட்டு வாரமும் உங்கள் மூவரையும் அம்மாவையும் மனசுக்குள் நான் அடக்கம் செய்துவிட்டேன். திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

வாயை எதற்கு எடுத்துவந்தேன் என்றால், இங்கே நம் ஜனங்களின் தேவாலயத்தில் டிரம்பெட் இருக்கிறது, மற்றவன் எச்சில் மவுத்பீஸ்தான் ஒட்டவில்லை. அதுவும் முழு உண்மை இல்லை. வேலை முடிந்து கூடாரத்தில் அதை மட்டும் உதட்டில் வைத்துக் கொஞ்சம் ஊதினால் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். இப்போது கடிதம் தவிர வேறு தபால் எதையும் நம் நாட்டுக்கு எடுப்பதில்லை, நிவாரணச் சாமான் மட்டும்தான். விமானமும் இல்லை. இந்தத் தொற்றுநோய் முடிந்து நாட்டு எல்லை திறந்தால்தான் நானே வரமுடியும்.

இருப்பதை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். கிண்ணம் ஆழம் குறைந்தால் மேல் சுரம் சுலபமாக வரும், சத்தம் தூரம் போகும், ஆனால் எல்லாமே கத்துகிற மாதிரி இருக்கும். ஆழம் கூடினால் குரல் இளகும், தூரம் குறையும். எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டுமென்றால் கிண்ணம் நடுத்தரம், விளிம்பு நடுத்தரம். அதுதான் என்னிடம் இருப்பது, திட்டாதே. முக்கியமாக, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாற்றாதே. உதடு ஒரு விளிம்புக்குத்தான் பழகும். மாற்றினால் குழம்பிப்போய், வேண்டிய நேரத்தில் சுரம் உடையும். ஒன்றை வைத்து ஒரு வாரம் பார். நீ ஊதும்போது வேறொருவர் தூரத்தில் நின்று கேட்கட்டும். பக்கத்தில் இருக்கிற காது பொய் சொல்லும்.

இன்னொன்று. மாமாவிடம் ஒன்று இருக்கிறதே? நான் பார்த்த நடுத்தரங்களிலேயே அதுதான் உசத்தி.

லூபேக்கு முத்தம்.

லிசியாதே

*

மோட்டுலாஹி
ஏப்ரல் 5

லிசியாதே,

அப்பாவுடையதைப் பற்றி எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அப்பா குடித்து மீதம் வைத்த இளநீரை நான் தொட்டதில்லை. அவர் தலை பக்கம் என் கை போனதில்லை. அவர் நாற்பது வருஷம் வாய் வைத்ததில் நான் வாய் வைக்கவா? தொண்டை வீங்கிச் சாகவா? உன் மகள் தாத்தா தட்டில் கைவிட்டுத் தின்கிறாள், அவர் முடியைப் பிடித்து இழுக்கிறாள், பேத்திக்கு எல்லாம் செல்லும். நான் மகள், எனக்கு விலக்கு. அது அவருடைய பைபிள் பெட்டியில் மரவுரித் துணியில் சுற்றிக் கிடக்கிறது, அங்கேயே கிடக்கட்டும்.

இங்கே நடந்ததைக் கேள். ஊசியை எடுத்தேன், நீ சொன்னபடி ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். கேபு கீழ்முனையில் நின்று கேட்டார். "பக்கத்துல நின்னு காதைக் கிள்ளுற மாதிரி இருக்கு" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். லூபே மட்டும் நான் பெட்டியைத் திறந்தாலே மேசைக்கு அடியில் போய்விடுவாள்.

போன சனிக்கிழமை தையல்கார லோசே அம்மாள் செத்துப்போனார். செவ்வாய்க்கிழமை அடக்கம். எல்லோரும் கறுப்பு உடுத்தி, துக்கத்துக்கு இடுப்பில் பெரிய பாய் கட்டி, பிணத்துக்குப் பின்னால் வந்தார்கள். ஊசியில் கீர்த்தனை கேட்கச் சகிக்காது என்பதால் அன்று குடத்தைப் போட்டேன். பழகாத விளிம்பு, பாட்டின் மூன்றாவது அடியிலேயே உதடு நழுவியது. பயந்துபோய் வழியிலேயே ஊசிக்கு மாற்றினேன். அடுத்த அடியில் சுரம் உடைந்து மேலே சீறியது, லிசியாதே. கேட்டவர்களுக்கு அது கீர்த்தனை இல்லை.

யார் முதலில் ஓடினார்கள் தெரியாது. "தண்ணி!" என்று ஒரு குரல்தான் கேட்டது. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் அதை மண்ணில் போட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள். போதகரும் ஓடினார். நான் "இல்லை, இல்லை" என்று கத்தினேன், டிரம்பெட் கையில் இருக்கிறவள் கத்தினால் யார் நம்புவார்கள்? கொஞ்ச நேரத்தில் சாலையில் நானும் லோசே அம்மாளும் மட்டும்தான். பிணத்தைத் தனியாக விடாத ஊர் நம் ஊர். நான் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கேபுவின் தாயார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கேபு என்னிடம் வந்து கையை நீட்டினார். ஊசியைக் கொடுத்தேன். கடலில் எறிந்துவிட்டார்.

மறுநாள் ஊர்க்கூட்டம். என்னை விலக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன், விலக்கவில்லை. அப்பாவுக்கு நடக்கவே மூச்சு இல்லை, வேறு ஊதத் தெரிந்தவர் ஊரில் இல்லை. "இந்தத் தடவை பொய்யாப் போச்சு. அடுத்த தடவை ஜனங்க நம்பணும், நல்ல வாயாப் பாரு. ஒண்ணு தெரிஞ்சுக்க ஃபூசி, ஊதுறவதான் கடைசியா ஓடணும்" என்றார் கேபு. தெரிந்துதான் சரியென்றேன்.

எப்படியாவது நம் வாயை அனுப்பு. நிவாரணச் சாமானுக்குள் போட்டாவது அனுப்பு.

ஃபூசி

*

மில்துரா
ஏப்ரல் 27

ஃபூசி,

படித்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. கடைசியாக ஓடுவதற்குச் சரியென்று சொல்ல நீ யார்? லூபேயின் கையை யார் பிடிப்பார்கள்? மாமாவை யார் தூக்குவார்கள்? கேபுவுக்கு வாய் இல்லையா, கத்தட்டுமே.

சரி, கோபம் வேண்டாம். மவுத்பீஸை அனுப்பிவிட்டேன். இங்கே தேவாலயத்தில் துணியும் டின் இறைச்சியும் சேர்த்து நிவாரணப் பெட்டி கட்டினார்கள், அதில் ஒரு காலுறைக்குள் சுற்றி வைத்து, மேலே உன் பெயரை எழுதினேன். கப்பல் எப்போது வரும், எந்தத் தீவில் இறக்குவார்கள் என்று நிச்சயமில்லை. தாமதமானால் பதறாதே.

அதுவரைக்கும் குடத்தையே வைத்துக்கொள். இனி மாற்றாதே. குடம் நல்லது, உன் நெஞ்சில் அதற்கு மூச்சு உண்டு, பழகினால் தூரமும் போகும். தூரம் போகவில்லையென்றால் கேபுவிடம் ஒளிக்காமல் சொல். வேறு ஏற்பாடு செய்யட்டும். புது சிலிண்டர் கேட்கட்டும், அரசாங்கம் எதற்கு இருக்கிறது?

நில அதிர்வு வந்தால் முதலில் ஓடு. ஊதுவது அப்புறம். இதற்கு மட்டும் எனக்கு வாக்குக் கொடு.

லிசியாதே

*

மோட்டுலாஹி
மே 23

லிசியாதே,

பார்சல் இன்னும் வரவில்லை. போன வாரம் வந்த படகில் நானும் உன் அம்மாவும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தோம். எண்பது ஜோடி செருப்பு வந்திருக்கிறது, காலுறை ஒன்றுகூட இல்லை. "எம் மவன் அனுப்புனா வந்துசேரும். அவன் வாக்குத் தப்ப மாட்டான்" என்கிறார் அத்தை.

குடத்தோடு மல்லுக்கட்டுகிறேன். இரண்டு நிமிஷம் உரக்க ஊதினால் மூச்சு வாங்குகிறது. மலை உச்சியில் நின்று ஊதினேன், கீழ்முனையில் அத்தை நின்று கேட்டார். "தூரத்துல மாடு முனகுற மாதிரி இருக்குடி" என்று சொல்லி அனுப்பினார். நம் வாயாக இருந்தால் உச்சியிலிருந்து இரண்டு முனைக்கும் போகும், நீ புத்தாண்டுக்கு அங்கே நின்று ஊதியது நினைவிருக்கிறதா? குடத்தை வைத்து ஒலி கீழ்முனைக்குப் போகவேண்டுமென்றால் நான் தென்னந்தோப்புக்கு, அதாவது கடலோரத்துக்கே, இறங்கவேண்டும். இப்போது ஏற்பாடு அப்படித்தான். முதலில் உச்சியில் ஊதுவது, கீழ்முனையில் அசைவில்லாவிட்டால் இறங்கி ஊதுவது.

நீ சொன்னபடி கேபுவிடமும் சொன்னேன். சிலிண்டர் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டாராம், குடிநீர் முடிந்துதான் மற்றதெல்லாம் என்று பதில் வந்ததாம். "பார்சல் வருதுல்ல? அதுவரைக்கும் ஓட்டுவோம்" என்றார்.

வாக்குக் கேட்டாய். பொய்யாகக் கொடுக்க மனமில்லை, அதனால் கொடுக்கவில்லை. லூபே இப்போது மேசைக்கு அடியில் போவதில்லை. அந்த மட்டில் குடம் நல்லதுதான்.

எந்தப் பெட்டியில் வைத்தாய், பெட்டிக்கு என்ன நிறம், கப்பலின் பெயர் என்ன, எல்லாம் எழுது. தலைநகரில் ஆள் விட்டுத் தேடச் சொல்கிறேன்.

ஃபூசி

*

மில்துரா
ஜூன் 12

ஃபூசி,

பெட்டி நிறம் நினைவில்லை. கப்பல் பெயரைக் கேட்டுச் சொல்கிறேன். இங்கே இப்போது குளிர்காலம், ஆரஞ்சு பறிப்பு ஆரம்பித்துவிட்டது, காலையில் பனியில் விரல் மரத்துப்போகிறது, பேனா பிடிக்கமுடியவில்லை.

கடலோரத்துக்கு இறங்காதே. நான் சொல்வதைக் கேள். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லி கீழ்முனையை விட்டு மேலே வந்து நம் வீட்டில் இருக்கச் சொல். இறங்காதே.

லிசியாதே

*

மோட்டுலாஹி
ஜூன் 30

லிசியாதே,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் என்று பழகிவிட்டது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அத்தையிடம் படித்துக் காட்டினேன். "எம் பன்னிய யாரு பாத்துக்குவா? அவன் வந்து பாக்கட்டும்" என்றார், வரவில்லை.

வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தரை ஆடியது. நின்றது என்று நினைத்தபோது மறுபடி பிடித்துக்கொண்டு, ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் ஆடியது. லூபேயை ஒரு கையில், டிரம்பெட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடினேன். அப்பாவை கேபு தள்ளுவண்டியில் ஏற்றினார். உச்சியிலிருந்து பார்த்தால் கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பவளப்பாறை வெளியே தெரிந்தது.

ஊதினேன். மூச்சு இருந்தவரை ஊதினேன். மேல் ஊர் முழுக்க ஏறிவந்துவிட்டது. கீழ்முனையைப் பார்த்தேன். உன் அம்மாவின் சமையல் புகை அமைதியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒருவரும் அசையவில்லை.

லூபேயை அப்பாவின் மடியில் உட்காரவைத்தேன். அவள் அழவில்லை, என் பாவாடையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரிக்க வேண்டியிருந்தது. இறங்கினேன். தோப்பில் நின்று ஊதினேன், அங்கிருந்தும் பாதிப் பேர்தான் வந்தார்கள். என்னைக் கடந்து ஓடியவர்களில் உன் அம்மா இல்லை. வீட்டுக்கே ஓடினேன். அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார், லிசியாதே! "என்னடி இது, வியாழக்கிழமை மத்தியானத்துல கீர்த்தனை ஊதுற? யாரு செத்தா?" என்கிறார். என் அபாயச் சத்தம் அவருக்குக் கீர்த்தனையாகக் கேட்டிருக்கிறது. தரை ஆடியதைக் கேட்டால், "அதுதான் தினமும் ஆடுதே" என்றார்.

இழுத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் பின்னாலிருந்து வரும் என்று நினைத்தேன், பக்கவாட்டில் ஓடைவழியாக வந்தது. முதலில் முழங்கால், அடுத்த மூச்சில் இடுப்பு. ஈரப்பலா மரத்தை இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அத்தை என் காதுக்குள் சத்தமாக ஜெபித்தார். என் வாயில் ஜெபம் வரவில்லை. லூபேயின் விரல்களைத்தான் நினைத்தேன்.

பெரிய அலை இல்லை. வீடு நிற்கிறது, பன்றி போய்விட்டது. ஒருவரும் சாகவில்லை. கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் கீழ்முனையின் பதினொரு குடும்பத்தில் பாதியும் நானும் இல்லை.

பார்சல் எங்கே, லிசியாதே? கப்பல் பெயர்கூட இன்னும் எழுதவில்லையே?

ஃபூசி

*

மில்துரா
ஜூலை 22

ஃபூசி,

நான் அனுப்பவில்லை.

சட்டைப் பையில் இருக்கிறது. இப்போதும் இருக்கிறது. நிவாரணப் பெட்டி கட்டினது நிஜம். காலுறையில் சுற்றினது நிஜம். வைக்கப்போனபோது "ஊதுறவதான் கடைசியா ஓடணும்" என்ற வரி வந்து நின்றது. நல்ல வாய் கிடைத்தால் நீ நிற்பாய். நன்றாக ஊதவராவிட்டால் ஊர் உன்னை விட்டுவிடும், நீயும் மற்றவர்களோடு ஓடுவாய். அப்படித்தான் கணக்குப் போட்டேன். பெட்டியை மூடிவிட்டார்கள். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குடம் பழகினால் தூரம் போகும் என்று எழுதினேனே, அதுவும் பொய். போகாது என்று எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து ஊதுகிறவன் நான்.

நீ தோப்புக்கு இறங்குவதாக எழுதியபோதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயமாக இருந்தது. இறங்காதே என்று மட்டும் எழுதினேன், கோழை மாதிரி.

உன் கடிதத்தை ஏணிமேல் நின்று படித்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்த இடத்தில் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். ஃபிலிமோனே கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாரும் தப்பிச்சுட்டாங்கள்ல, ஆண்டவருக்கு நன்றி சொல்லு" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? உன்னைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். அம்மாவைத் தேங்காய் துருவிக்கொண்டு உட்காரவைத்ததும் நான்தான்.

வெடித்த நாளிலிருந்து என்னால் ஊத முடியவில்லை, ஃபூசி. உதட்டில் வைத்தால் வெறும் காற்றுதான் வருகிறது. அதையும் உனக்கு எழுதவில்லை. என்னால் ஊதமுடியாத ஒன்றை வைத்துக்கொண்டு நீ ஊதாமலிருக்கப் பார்த்தேன்.

எப்படி அனுப்பட்டும் என்று சொல். யார் காலில் விழுந்தாவது அனுப்புகிறேன். என்ன தண்டனை என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

லிசியாதே

*

மோட்டுலாஹி
ஆகஸ்ட் 14

திரு. லிசியாதே அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மவுத்பீஸை அனுப்ப வேண்டாம். இங்கே வேறு ஏற்பாடு ஆகிவிட்டது.

போன கடிதத்தைப் படகில் கொடுத்துவிட்ட மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். பைபிள் பெட்டியைத் திறந்து மரவுரியைப் பிரித்தார். நான் கதவோரமே நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, லூபேயை மடியில் ஏற்றி அவள் கையில் வைத்தார். "இது உனக்கு. தாத்தாவோடது இல்ல, இனிமே உன்னோடது. யாராவது கேட்டா, மனசிருந்தா குடு" என்றார். பிள்ளை உடனே வாயில் வைத்து ஊதிவிட்டாள். வாத்துமாதிரி சத்தம் வந்தது, அப்பா சிரித்து இருமினார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அப்பா வாய் வைத்ததில் நான் வாய் வைக்கக்கூடாது. என் மகள் வாய் வைத்ததில் வைத்தால் யார் கேட்பார்கள்?

கேட்டேன். தரமாட்டேன் என்றாள். இரண்டு நாள் கெஞ்சவைத்தாள். கடைசியில், "ஊதிட்டுக் கழுவித் தரணும், ராத்திரி என் தலகாணிக்கு அடியில இருக்கணும்" என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தாள்.

கிண்ணம் நடுத்தரம், விளிம்பு நடுத்தரம். முதல் வாரம் எதையும் முடிவு பண்ணவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான். கீர்த்தனையை மெல்ல ஊதினேன், போதகரின் மனைவி கண்ணைத் துடைத்தார். போன வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்தில் ஆட்டத்துக்கு ஊதினேன், ஒருவரும் மலைக்கு ஓடவில்லை, கேபுகூட ஆடினார். திங்கட்கிழமை எல்லோருக்கும் சொல்லிவைத்து உச்சியிலிருந்து அபாயத்துக்கு ஊதினேன். கீழ்முனைப் பதினொரு வீடும் எழுந்து வந்தது. உங்கள் அம்மா முதல் ஆள். நான் உச்சியை விட்டு ஓர் அடி இறங்கவில்லை. லூபே என் பக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஊதுகிறவள் இனிக் கடைசியாக ஓடத் தேவையில்லை, முதலில் ஏறினால் போதும். பிப்ரவரியிலேயே நல்ல வாய் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் இதை அப்போதே கண்டிருப்பேன்.

தினமும் காலையில் எச்சில் விழுங்கும்போது தொண்டை கரகரக்கிறது. அப்பா செய்த தந்திரம் ஆண்டவருக்குச் செல்லுமா செல்லாதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் கழுத்தைப் பார்க்கிறேன். வீக்கம் இல்லை, இருந்தாலும் பார்க்கிறேன்.

தண்டனை கேட்டீர்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயந்து செய்தீர்கள் என்று தெரிகிறது, நானும் பயந்தவள்தான், உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது, எங்கோ கப்பலில் என் புருஷன் அனுப்பியது வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு எனக்கு ஒரு கைப்பிடியாக இருந்தது. அதை நினைத்தால்தான் தாங்கமுடியவில்லை.

உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. படகு வருகிற நாளெல்லாம் இறங்குதுறைக்கு அவரும் வருகிறார். இங்கே வேறு வாய் கிடைத்துவிட்டது, பார்சல் வேண்டாம் அத்தை என்றால் கேட்பதில்லை. "எம் மவன் அனுப்புனது வீணாப் போயிரக்கூடாதுடி" என்கிறார். நேற்று மழையில் நனைந்துகொண்டு நின்றார். "வந்துச்சா?" என்றார். "கப்பல்ல வருது அத்தை" என்று சொல்லிவிட்டேன். இப்போது நானும் பொய் சொல்கிறேன். உங்கள் வாக்கை அவ்வளவு நம்புகிறவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் அலையில் தப்பித்ததற்கு அர்த்தமே இருக்காது என்று பயமாக இருக்கிறது.

அடுத்த படகுக்கும் அவர் வருவார். எல்லை திறந்ததும் வா, லிசியாதே. வந்து நீயே அவரிடம் சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

ஃபூசி